நடுத்தெருக் குழாய்

சைரன் அலறியது.

இணக்கத் துறையின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த யாருக்கும் அது எதற்கான சைரன் என்று தெரியவில்லை. ஒருவர் தீ என்று நினைத்து மாடிப்படியை நோக்கி ஓடினார். இன்னொருவர் லிஃப்ட் நின்றுவிட்டது என்றார். இயக்குநர் தணிகாசலம் மட்டும் பதறாமல் மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டு, "அந்தச் சனியனை யாராவது நிறுத்துங்கப்பா" என்றார்.

பூங்கோதை எழுந்து நின்றாள். அவளுக்குத் தெரியும். அந்தச் சைரனை அங்கே பொருத்திய இன்ஜினீயரே அவள்தான். பொருத்திய நாளிலிருந்து அது ஒருமுறைகூட வாய் திறந்ததில்லை.

"சார், இது எதிர்ப்படல்."

"எதிர்... என்னதும்மா?"

"ரெண்டு பேர் நேருக்கு நேரா நின்னு சண்டை போடுறாங்க."

தெருவில் ஒரு டைனோசர் போகிறது என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பேர் வாயைப் பிளந்திருக்க மாட்டார்கள்.

"சண்டையா? நம்ம ஊர்லயா?" தணிகாசலம் விருந்தாளி நாற்காலியைப் பார்த்து அசடு வழிந்தார். "மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும் சார். நம்ம கிட்ட அதெல்லாம் கிடையாது."

விருந்தாளி நாற்காலியில் பிரிகேடியர் சந்திரவதனன் உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது ஒரு வரைபடத்துக்காக. நகரத்தில் மலைக்காரர் வீடு எது, துறைக்காரர் வீடு எது என்று தெருவாரியாக வேண்டும். அன்று சாயங்காலம் நடுத்தெருவை முள்கம்பி போட்டு மூடப் போகிறார்கள். மூடிய பிறகு என்ன நடக்கும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைகளில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோய் ஒரு வாரமாகிறது.

ஆற்றுநாடு சின்ன நாடு. ஆறு பிறக்கும் இடத்தில் இருப்பவர்கள் மலைக்காரர்கள். கடலில் விழும் இடத்தில் இருப்பவர்கள் துறைக்காரர்கள். ஒரே மொழி, ஒரே சாமி, கொடுக்கல் வாங்கல், பெண் எடுப்பது எல்லாம் உண்டு. கோடைக்குக் கோடை தண்ணீருக்காகத் திட்டிக்கொள்வதும் உண்டு. ஒரு தேர்தல் சமயத்தில் அது கலவரமாகி உயிர்கள் போயின. "இனி ஒரு சண்டைகூடக் கூடாது" என்று சபதம் போட்டு அரசாங்கம் கொண்டுவந்த மெஷின்தான் இணக்கம். ஆளுக்கொரு கைப்பட்டையும் மாட்டிவிட்டது.

பூங்கோதை திரையைப் பார்த்தாள். இடம்: நடுத்தெருக் குழாயடி. கைப்பட்டை அணிந்தவர்: நீலியம்மாள், மலை. எதிரே கேட்கும் குரல்: பேச்சி, துறை. ஆனால் பேச்சியின் கைப்பட்டை அவள் வீட்டிலேயே இருப்பதாகத் திரை காட்டியது. இதிலும் ஒரு கோளாறு. அவள் பல்லைக் கடித்தாள்.

"படையை அனுப்பிக் கலைச்சிடலாம்" என்றார் பிரிகேடியர்.

"வேண்டாம் சார். தயவுசெஞ்சு வேண்டாம். வாங்க, போய்ப் பார்க்கலாம்."

"என்ன பார்க்கறது? சண்டையையா?"

"ஆமா சார். ஊர்ல ஒரே ஒரு சண்டைதான் பாக்கி இருக்கு. அதையும் கலைச்சிட்டா அப்புறம் யுத்தம்தான்."

பிரிகேடியர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் எழுந்தார்.

ஜீப்பில் போகும்போது கேட்டார். "உங்க மெஷின் என்னதான் செய்யுது? சும்மா சுருக்கமா சொல்லுங்க."

"உங்களுக்கு மாடி வீட்டுக்காரர் மேல ஒரு கோபம்னு வைங்க. கைப்பட்டை நாடியைப் பிடிச்சுக் கண்டுபிடிச்சிடும். மறுநாள்லேர்ந்து அவர் இறங்குற நேரத்துல உங்களுக்கு லிஃப்ட் வராது. அவர் போற பஸ்ல உங்களுக்கு சீட் இருக்காது. கொஞ்ச நாள்ல அவருக்கு வேற தெருவுல குறைஞ்ச வாடகைக்கு நல்ல வீடா அமையும். அவரும் சந்தோஷமா போயிடுவார். யாரையும் யாரும் கட்டாயப்படுத்தல. கோபப்படுறதுக்கு எதிர்ல ஆளே வராது, அவ்வளவுதான்."

"நல்ல விஷயம்தானே?"

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. கைதட்டினாங்க. நானும் தட்டினேன். மெஷினுக்கு மலை, துறைன்னு எதுவும் தெரியாது சார். யாருக்கு யாரைப் பார்த்தா எரியுதுன்னு மட்டும்தான் தெரியும். அதை வெச்சுப் பிரிச்சுப் பிரிச்சு, பதினோரு வருஷத்துல ஊரே தானாப் பிரிஞ்சிடுச்சு. நடுத்தெருவுக்கு வடக்க அவங்க. தெற்க நாம. உங்களுக்கு வரைபடமே வேண்டாம். கோடு ரெடியா இருக்கு."

"இதை நீங்க மேல சொல்லலையா?"

பூங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பில்லை. "ஒவ்வொரு ஆண்டுக் கூட்டத்துலயும் சொல்றேன் சார். 'புகார் எண்ணிக்கை குறைஞ்சிருக்கா இல்லையா, அதைச் சொல்லும்மா'ன்னு கேக்குறாங்க. குறைஞ்சிருக்குன்னு சொல்றேன். அப்புறம் எல்லாருக்கும் சமோசா குடுக்குறாங்க. ஒண்ணு கேக்கட்டுமா? கடைசியா ஒரு மலைக்காரரை நீங்க நேர்ல எப்ப பார்த்தீங்க?"

பிரிகேடியர் யோசித்தார். ஜீப் இரண்டு திருப்பம் திரும்பும் வரை யோசித்தார்.

"டிவியில பார்த்திருக்கேன்" என்றார் கடைசியில்.

"நான் மாசம் ரெண்டு தடவை பாக்குறேன். என் வீட்டுக்காரர்."

மாதப்பன் மலைக்காரன். கல்யாணமான புதிதில் இருவரும் போடாத சண்டையில்லை. குழம்பில் வெல்லம் போடலாமா என்பதில் தொடங்கி மின்விசிறியின் வேகம் வரை. இணக்கம் வந்ததும் அதற்கு அவர்கள் வீடு நல்ல வேட்டை. முதலில் இருவருக்கும் வேறு வேறு ஷிஃப்ட் போட்டது. பிறகு மாதப்பனுக்கு மலை அணையில் சம்பளம் கூடிய வேலை தேடிக் கொடுத்தது. இப்போது ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வருகிறான். இருவரின் நாடியும் சாந்தமாக இருந்தால்தான் போன்கூட இணைப்புக் கிடைக்கும். "சாப்டியா?" "சாப்டேன்." "உடம்பு எப்படி?" "நல்லா இருக்கு." பதினோரு வருடமாகச் சண்டையே இல்லை. கல்யாணமும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

நாளை அவன் வரும் சனிக்கிழமை. இன்று நடுத்தெரு மூடினால் அந்த பஸ் வராது. நாளை மட்டுமல்ல, எப்போதும் வராது.

நடுத்தெருவில் ஒரு குழாய் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் ஊற்றுத் தண்ணீர் விடுவார்கள். காலையில் வடக்கு வரிசை வீடுகளுக்கு, மதியத்துக்கு மேல் தெற்கு வரிசைக்கு என்று இணக்கம் நேரம் பிரித்துக் கொடுத்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில், காலைத் தண்ணீர் நிற்கும் வரை, தெரு வெறிச்சோடிக் கிடக்கும். இன்றைக்கு அப்படி இல்லை. தெருக்கம்பத்திலிருந்த சைரனும் சேர்ந்து அலறியதில் இரண்டு பக்கமிருந்தும் ஜனங்கள் வெளியே வந்து, ஆளுக்கொரு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். லெப்டினன்ட் வழுதியும் ஆறேழு சிப்பாய்களும் துப்பாக்கியோடு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள். வழுதிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

குழாயடியில் இரண்டு பெண்மணிகள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"ஏட்டி, என் குடம் முன்னால இருந்துச்சா, உன் குடம் முன்னால இருந்துச்சா? சாமி மேல சத்தியம் பண்ணு பாப்போம்!" இது பேச்சி. ஒல்லி உடம்பு. குரல் மட்டும் கப்பல் சங்கு.

"சாமிய எதுக்குடி இழுக்கற? உங்கூட்டு சாமிக்கு நீ என்னைக்கு ஒழுங்கா வெளக்கு வெச்சிருக்கற?" இது நீலியம்மாள். பேச்சியைப் போல இரண்டு மடங்கு.

"உன் மருமவ எதுக்குட்டி தனிக்குடித்தனம் போனா? ஊருக்கே தெரியும்!"

"என்ற மருமவ போனா போறா. போன தை மாசம் உம்மவன் கல்யாணத்துல ஊத்துனீங்களே ரசம்? எலையில ஊத்துனா எலைதான் தெரிஞ்சுது, ரசத்தைக் காணோம்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வடக்குப் பக்கமா, தெற்குப் பக்கமா தெரியவில்லை.

பிரிகேடியர் கை தொப்பியைத் தொட்டது. "இது கைகலப்பாகும். நான் நிறுத்தறேன்."

"ஆகாது சார்." பூங்கோதை அவர் முன்னால் வந்து நின்றாள். "குழாயடிச் சண்டைக்கு ஒரு சட்டம் இருக்கு. வாய் எவ்வளவு வேணா பேசலாம். குடத்தைத் தொடக்கூடாது. வரிசையில குடம் நிக்குதுன்னா ஆளே நிக்கிற மாதிரி. வெச்சுட்டு வீட்டுக்குப் போய் அடுப்பைப் பாத்துட்டு வரலாம். பெத்த அம்மாவை வையறவகூட அடுத்தவ குடத்தை நகத்த மாட்டா. தண்ணி நிக்கிறப்ப சண்டையும் நின்னுடும். வேணா பாருங்க."

"நின்னா?"

"நின்னா, இவங்க நேருக்கு நேர் பார்த்தா ஒண்ணும் ஆகாதுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் முள்கம்பி எதுக்கு? மேலிடத்துல ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு நாள் தள்ளிப் போடுங்க. ஒரே ஒரு நாள்."

பிரிகேடியர் கடிகாரத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "தண்ணி நிக்கிற வரைக்கும்" என்றார்.

அடுத்து நடந்ததைப் பூங்கோதையே எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் சும்மா ஓடுவதைப் பொறுக்காமல் தெற்கு வரிசை அம்மாள் ஒருத்தி தன் குடத்தைக் கொண்டுவந்து பேச்சியின் குடத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஓரத்துக்குத் திரும்பினாள். அதைப் பார்த்து வடக்கு வரிசையிலிருந்து ஒரு வாளி வந்தது. பிறகு ஒரு தவலை. ஒரு பச்சைக் குடம். ஒரு சிவப்புக் குடம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலையும் துறையும் கலந்து ஒரு நீள வரிசை தெருவில் வளைந்து நின்றது. ஆட்கள் இன்னும் கிட்டே வரவில்லை. குடங்கள் வந்துவிட்டன.

"அந்த அக்கா சொல்றதும் நியாயந்தானல்லா" என்றான் துறைப் பக்கம் நின்ற மீன்காரன் ஒருவன், நீலியம்மாளைக் காட்டி. "அவுக குடந்தான் முன்னால இருந்துச்சி. நான் சன்னல் வழியா பாத்தேன்."

"எலேய், நீ எந்தூர்க்காரம்லே?" என்று பேச்சி அவன்மேல் பாய்ந்தாள்.

வடக்குப் பக்கம் கொல்லென்று சிரித்தது. தெற்கும் சிரித்தது. பிரிகேடியரின் உதட்டோரத்தில்கூட ஏதோ அசைந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். "இன்னைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லிப் பார்க்கறேன்" என்றபடி எண்ணைத் தேடினார்.

பூங்கோதை மாதப்பனுக்கு என்ன சமைப்பது என்று யோசிக்கத் தொடங்கினாள். வெல்லம் போட்டே வைத்துவிடலாம்.

லெப்டினன்ட் வழுதி நல்ல பையன். பதினோரு வயதிலிருந்து கைப்பட்டையோடு வளர்ந்தவன். ஒழுங்கானவன். அவன் கண்ணுக்கு அந்த வரிசை தாறுமாறாகத் தெரிந்தது. அவங்களுடையதும் நம்முடையதும் கலந்து கிடக்கிறதே, அதனால்தானே தகராறு? பிரிகேடியர் போனில் இருக்கும் நேரத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவைப்போம் என்று நினைத்தான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கர்ம சிரத்தையாகக் குனிந்து, மலைக்காரர் குடங்களை எடுத்து வடக்கே ஒரு வரிசையாகவும், துறைக்காரர் குடங்களைத் தெற்கே ஒரு வரிசையாகவும் அடுக்கத் தொடங்கினான்.

"டேய், தொடாதே!" என்று பூங்கோதை கத்தினாள்.

அதற்குள் பேச்சி பார்த்துவிட்டாள். நீலியம்மாளும் பார்த்துவிட்டாள். இருவரின் வசவும் பாதியில் நின்றது. பிறகு இருவரும் ஒரே குரலில் ஆரம்பித்தார்கள்.

"எவன்லே அவன் குடத்துல கை வைக்கிறவன்?"

"வைடா கீழ! இருந்த எடத்துல வைடா!"

இரண்டு பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அத்தனை பேரும் ஒன்றாக, தோளோடு தோளாக வந்தார்கள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மலையும் துறையும் ஒரு பக்கம் நின்றது அப்போதுதான். அந்தப் பக்கத்துக்கு எதிரே பச்சைக் குடத்தோடு வழுதி மட்டும் நின்றான். யாரும் அவன்மேல் கை வைக்கவில்லை. வைக்கவும் மாட்டார்கள். நாலு வசவு வாங்கிக்கொண்டு குடத்தை இருந்த இடத்தில் வைத்தால் முடிந்தது.

அது அவனுக்குத் தெரியாதே. கைப்பட்டை கட்டிய நாளிலிருந்து யாரும் அவனை முகத்துக்கு நேரே திட்டியதில்லை. திட்டு எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்பதை வளர்ந்த பிறகு அவன் பார்த்ததே இல்லை. குடம் கையிலிருந்து நழுவியது. துப்பாக்கி கைக்கு வந்தது.

ஒரே ஒரு வெடி.

நீலியம்மாள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வடக்கே எங்கோ ஒரு மாடியிலிருந்து பதில் வெடி வந்தது. குடங்கள் உருண்டன. பிரிகேடியர் போனில், "இல்ல, தள்ளிப் போட வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் துறை டிவியில் மலைக் கும்பல் ஒன்று ராணுவ அதிகாரியைக் கொல்ல வந்ததாகச் செய்தி. மலை டிவியில் துறை ராணுவம் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களைச் சுட்டதாகச் செய்தி. சேர்ந்து சிரித்ததை இரண்டுமே காட்டவில்லை. இருட்டுவதற்குள் நடுத்தெரு நெடுக முள்கம்பி ஓடியது. எந்த வீட்டையும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் குடும்பத்தையும் இடம் மாற்ற வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு சுத்தமான எல்லைக்கோட்டைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று பிரிகேடியர் சொன்னாராம்.

பூங்கோதை கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பி மாதப்பனைக் கூப்பிட்டாள்.

"வணக்கம். தங்கள் நாடித்துடிப்பு உரையாடலுக்கு உகந்த நிலையில் இல்லை. சற்று நீர் அருந்திவிட்டு மீண்டும் முயலவும்" என்றது இணக்கம், தேன் குரலில்.

நீர் அருந்தினாள். கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். அணையின் மேல் விமானம் பறக்கிறது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். மறுபடி தண்ணீர். மறுபடி மூச்சு. ஒருவழியாக அவள் பக்கம் பச்சை விளக்கு எரிந்தது.

"மன்னிக்கவும். எதிர்முனையில் உள்ளவர் உகந்த நிலையில் இல்லை."

"நாசமாப் போக!" என்று மேஜையைக் குத்தினாள். அவள் பக்கமும் விளக்கு சிவப்பாயிற்று.

"சார், இதை அணைச்சுடுங்க. இன்னைக்கு ஒரு நாளாவது ஜனங்க ஒருத்தரோடொருத்தர் பேசட்டும். கத்தட்டும். திட்டட்டும்."

தணிகாசலம் பாவமாகப் பார்த்தார். "எப்படிம்மா அணைக்கறது? ராணுவம் எடுத்துக்கிச்சு. தவிர..." திரையைக் காட்டினார். "இன்னைக்கு நாடு முழுக்கப் புகார் பூஜ்யம்."

யுத்தம் அந்த இரவே வந்துவிட்டது. மழைக்காலம் வந்தும் போகவில்லை. அணை உடையவில்லை. அதை மட்டும் பூங்கோதை ஒவ்வொரு காலையிலும் விசாரித்துக்கொண்டாள். மாதப்பனிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

நடுத்தெருக் குழாய் முள்கம்பிக்குச் சரியாக நடுவில் மாட்டிக்கொண்டது. இரண்டு பக்கச் சிப்பாய்களுக்கும் தண்ணீர் வேண்டுமே, அதனால் வெள்ளிக்கிழமை தண்ணீர் விடும் நேரத்துக்கு மட்டும் யாரும் சுடுவதில்லை என்று பேசாமலே ஒரு ஏற்பாடு. ஒரு வெள்ளிக்கிழமை பூங்கோதை போய் நின்றாள். கையில் குடம். வேலையை அவள் விட்டு வெகுநாளாயிற்று.

கம்பிக்கு அந்தப் பக்கம் நீலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு தோள் சற்று இறங்கியிருந்தது. இந்தப் பக்கம் பேச்சி. இருவரும் மும்முரமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியின் குடத்தை நீலியம்மாள் கம்பிக்கு அடியில் ஒற்றைக் கையால் குழாய்க்கு நேராகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே திட்டினாள்.

பூங்கோதையைப் பார்த்ததும் நீலியம்மாள் நிறுத்தினாள். "ஏம்புள்ள, நீதான அன்னைக்குத் தொடாதேன்னு கத்துன மெஷின் ஆபீஸ்காரி? அணையில இருக்கற மாதப்பன் உம்பட ஊட்டுக்காரரா?"

பூங்கோதை தலையாட்டினாள்.

"எங்க சொந்தக்காரப் பையன் அங்கிருந்து வந்தான். அவுரு நல்லா இருக்கறாராம். மெஷின் ஆபீஸ்ல இருந்த தன்ற ஊட்டுக்காரிகிட்டச் சொல்லச் சொன்னாராம். கொழம்புல வெல்லம் போட்டா அது கொழம்பு இல்லியாம், பாயசமாம்."

பூங்கோதை முள்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் குத்தியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "வெல்லம் போடச் சொன்னதே அந்த மனுஷன்தான்! போட மாட்டேன்னு சொன்னவ நான். போய்ச் சொல்லுங்க, பொய் சொன்னா நாக்கு அழுகிடும்னு சொல்லுங்க!"

"அப்படிக் கேளு" என்றாள் பேச்சி திருப்தியாக.

இத்தனை மாதமாக மனதில் அரித்துக்கொண்டிருந்ததைப் பூங்கோதை கேட்டாள். "அக்கா, உங்க ரெண்டு பேரையும் மெஷின் எதிரெதிர விடவே விடாது. அன்னைக்கு மட்டும் எப்படி நேருக்கு நேர் வந்தீங்க?"

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மட்டுமா? பதினோரு வருசமா வெள்ளிக்கு வெள்ளி பட்டையை வீட்ல கழட்டிப் போட்டுட்டு வந்து இங்கனதான் சண்டை போடுதோம், ஒருத்தருக்கும் ஒரு கீறல் கிடையாது. அன்னைக்கு இந்தக் கூறுகெட்டவ கழட்ட மறந்துட்டா, நீங்க சைரன் ஊதுதீய!"